சித்தன்னவாசல் வழியில் ஒரு பாடம்

ஐப்பசி மழை என்றால் எங்கள் புதுக்கோட்டைப் பக்கத்தில் எல்லோருக்கும் சந்தோஷம்தான். வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்தால்தான் மனசும் நிறையும். ஆனால் போன வருஷம் ஐப்பசியில் அந்த மழையே எங்களை ஒரு நிமிஷம் கதிகலங்க வைத்துவிட்டது.

மகள் ஆறு மாதக் கைக்குழந்தையுடன் வந்திருந்தாள். மாப்பிள்ளையும் இரண்டு நாள் லீவில் வந்தார். "இத்தனை பக்கத்துல சித்தன்னவாசல் இருக்கு, இன்னும் காட்டலையே அத்தை" என்று அவர் கேட்க, மழை சற்று வெறித்ததும் எங்கள் பழைய காரிலேயே கிளம்பினோம். ஊரிலிருந்து அன்னவாசல் சாலையில் ஏறக்குறைய 16 கிலோமீட்டர்தான்.

அப்பாவும் மாப்பிள்ளையும் மலைமேல் ஏறி ஏழடிப்பட்டம் பார்க்கப் போனார்கள். சமணத் துறவிகள் படுத்திருந்த கல் படுக்கைகள் அங்கே 17 இருக்கின்றன. ஈரப் பாறையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏற எனக்குத் தைரியமில்லை. நானும் மகளும் அறிவர் கோயிலோடு நின்றுகொண்டோம். விதானத்தில் தாமரைக் குளம்! மீன், வாத்து, யானை, எருமை, பூப்பறிக்கும் மனிதர்கள். ஆயிரம் வருஷம் தாண்டியும் பச்சையும் சிவப்பும் இன்னும் தெரிகின்றன. பல இடங்களில் உதிர்ந்தும் போயிருக்கின்றன. சுண்ணாம்புப் பூச்சின் மேல் தீட்டிய ஓவியத்துக்கு ஈரம்தான் பெரிய பகை. நம் மூச்சில்கூட ஈரம் இருக்கிறது. அன்று அதை நினைத்துப் பார்க்கவில்லை. திரும்பும் வழியில்தான் புரிந்தது.

காரில் ஏறுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. நாலு பேரும் தொப்பலாக நனைந்தோம். ஈரக் குடை, ஈரத் துண்டு, ஈரச் செருப்பு எல்லாம் உள்ளே. ஜன்னல்களை ஏற்றிவிட்டோம். என் கணவர் ஏ.ஸி.யைப் போடப் போனார். "வேண்டாங்க, பிள்ளைக்குச் சளி பிடிச்சுக்கும்" என்று தடுத்தது நான்தான்.

இரண்டு கிலோமீட்டர் போவதற்குள் முன்கண்ணாடி வெள்ளையாக மூடிக்கொண்டது. வைப்பர் ஓடிக்கொண்டேதான் இருந்தது, பயனில்லை. ஒரு கையால் ஸ்டியரிங், ஒரு கையால் துண்டு என்று அவர் துடைக்கத் துடைக்க மறுபடி மூடியது. திடீரென்று, "அப்பா, ஆடு!" என்று மகள் அலறினாள். தலையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு ஒரு பெரியவர் மந்தையை ஓட்டிக்கொண்டு சாலையைக் கடந்துகொண்டிருந்தார். பிரேக் பிடித்த வேகத்தில் குழந்தையை மகள் இறுக அணைத்துக்கொண்டாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தெய்வாதீனம் என்றுதான் சொல்ல வேண்டும். எனக்குக் கை நடுக்கம் நிற்கவில்லை.

ஓரமாக ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். அங்கே டீ குடித்துக்கொண்டிருந்த வேன் டிரைவர் ஒருவர் விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார். "ஏ.ஸி.யைப் போட்டு, காத்தைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி விடுங்கண்ணே. வெளிக்காத்து உள்ளே வர்ற மாதிரி பட்டனை வைங்க. ரெண்டு நிமிஷத்துல தெளிஞ்சிடும்" என்றார். அப்படியே தெளிந்தது!

காரணம் நம் சமையலறையிலேயே இருக்கிறது. இட்லிப் பானை மூடியை எடுத்தால் உள்பக்கம் முத்து முத்தாக நீர் நிற்கிறதல்லவா? ஆவி, தன்னைவிடக் குளிர்ந்த பொருளில் பட்டால் நீராகிவிடும். மழை பட்டுக் கண்ணாடி குளிர்ந்திருந்தது. எங்கள் மூச்சும் ஈரத் துணியும் உள்ளே ஆவியை நிரப்பின. ஏ.ஸி. காற்றைக் குளிர வைப்பதோடு, அதிலுள்ள ஈரத்தையும் பிரித்து நீராக்கி, கீழே ஒரு குழாய் வழியாகச் சொட்ட விட்டுவிடுகிறது. குழந்தைமேல் காற்று நேராகப் படாமல் திருப்பி, குளிரைக் குறைத்து வைத்தால் போதும். நான் பயந்ததற்கு அர்த்தமே இல்லை.

சில சமயம் ஏ.ஸி. அதிகக் குளிர்ச்சியில் ஓடும்போது கண்ணாடியின் வெளிப்பக்கம் மூடிக்கொள்வதும் உண்டு. அப்போது வைப்பரால் துடைத்தால் போகும். குளிரையும் குறைக்க வேண்டும். எந்தப் பக்கம் என்று தெரிய உள்ளிருந்து விரலால் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். கோடு விழுந்தால் உள்பக்கம்.

கதை அதோடு முடியவில்லை. மறுநாள் கார்க் கதவைத் திறந்தால் ஊறிய சாக்கு மாதிரி ஒரு வாடை. குழந்தை தும்மியபடியே இருந்தாள். முன் ஸீட்டுக்குக் கீழே மிதியடியைத் தூக்கினால் தண்ணீர் தேங்கியிருந்தது. மெக்கானிக் வந்து பார்த்தார். எங்கள் வீட்டு வேப்பமரத்துச் சருகும் தூசியும் சேர்ந்து, ஏ.ஸி. நீர் வெளியேறும் குழாயை அடைத்திருந்தனவாம். அதனால் அந்த நீர் காருக்குள்ளேயே இறங்கியிருக்கிறது. அடைப்பை எடுத்ததும் சரியாயிற்று.

அன்றிலிருந்து நான் கடைப்பிடிப்பவை இவை:

மிதியடிகளை வெளியே எடுத்து வெயிலில் காயவைப்பேன். வெயில் அடிக்கும்போது, பக்கத்தில் இருந்துகொண்டு நாலு கதவையும் திறந்து வைப்பேன். நனைந்த இடத்தில் பழைய செய்தித்தாளை விரித்து, ஊறியதும் மாற்றுவேன். ஈரக் குடையை உறையில் போட்டுத்தான் காரில் வைப்பது. கண்ணாடியின் உள்பக்கத்தைச் சுத்தமான பருத்தித் துணியால் துடைப்பேன். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பனி சீக்கிரம் படிகிறது. வாடைக்கு ஒரு துணியில் அடுப்புக்கரி முடிந்து வைப்பேன். கதவு ரப்பர் கிழிந்திருக்கிறதா, முன்கண்ணாடி அடியில் சருகு சேர்ந்திருக்கிறதா என்று மழைக்கு முன்பே பார்த்துவிடுவது நல்லது.

இரண்டு எச்சரிக்கைகள். காரைக் காயவைக்கிறோம் என்று மூடிய ஷெட்டுக்குள் எஞ்ஜினை ஓடவிடாதீர்கள்; அந்தப் புகை உயிருக்கே ஆபத்து. காருக்குள் குழந்தையை ஒரு நிமிஷம்கூடத் தனியே விட்டுப் போகாதீர்கள்.

மாப்பிள்ளை ஊருக்குக் கிளம்பும்போது, "அடுத்த மழைக்குத் திருமயம் கோட்டைக்குப் போகலாம் அத்தை" என்றார். போகலாம்தான். இந்த முறை ஏ.ஸி.யைப் போடச் சொல்லப் போவது நானாகத்தான் இருக்கும்!