தேவராஜ மொஹல்லாவும் ஈட்டி மரப் பேழையும்

மைசூர் என்றவுடன் நம்மவர் நினைவுக்கு வருவன அரண்மனையும், தசரா விழாவும், சாமுண்டி மலையுமேயாம். அன்பர்கள் ஒரு காலைப் பொழுதையேனும் தேவராஜ மொஹல்லாவுக்கு ஒதுக்குதல் வேண்டும். சயாஜிராவ் சாலையிலுள்ள தேவராஜ மார்க்கெட்டில் நுழைந்தால், கூம்பு கூம்பாய்க் குவித்த குங்குமமும், முழம் போட்டு விற்கும் மல்லிகையும், நஞ்சன்கூடு ரசபாளைப் பழமும் ஒருசேர நம்மை மறிக்கும். 2016ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் இக்கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து வீழ்ந்தது. ஆயினும் வணிகம் ஓயவில்லை.

சிறிது தொலைவில் ஜகன்மோகன அரண்மனை. 1861இல் எழுந்த இம்மாளிகை 1915இல் ஓவியக் கூடமாயிற்று. பெண்டிர் ரவி வர்மாவின் ஓவியங்கள் முன் நின்றுவிடுவர். எங்கள் கால்களோ அங்குள்ள பிரெஞ்சுக் கடிகாரத்தின் முன்னரே நிற்கும். மணிக்கொரு முறை சின்னஞ்சிறு போர்வீரர் அணிவகுக்கும் பொறி அது. ரயில்வே ஊழியர்க்குக் கடிகாரமன்றோ குலதெய்வம்!

கடிகாரத்தைப் பற்றியதே எங்கள் அலுவலும். எந்தையார் அரக்கோணத்திலிருந்து மாற்றலாகி இவ்வூர் வந்த நாளில் கையில் கட்டியிருந்தது ஓர் எச்.எம்.டி. சாவிக் கடிகாரம். ஜப்பானியச் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு 1961இல் பெங்களூரில் தொடங்கிய அத்தொழிலை மூடிவிட 2016இல் அரசு முடிவு செய்தது.  அக்கடிகாரத்தோடு எம் அன்னையார் விட்டுச் சென்ற வைரத் தோடு, இரட்டை வடச் சங்கிலி, வெள்ளிக் கொலுசு யாவும் ஒரு பிஸ்கட் தகர டப்பாவில் பஞ்சு சுற்றிக் கிடந்தன. தங்கையின் திருமணம் நிச்சயமாயிற்று. பழைய சங்கிலியை உருக்கிப் புது மாதிரி செய்யலாம் என்றார் பத்தர். "உருக்கினால் அம்மா அணிந்த நகை என்று எதைச் சொல்வேன் அண்ணா?" என்று தங்கை கேட்டாள். அக்கேள்விக்குப் பின் வீட்டில் எவரும் உருக்குவதைப் பற்றிப் பேசவில்லை. உருக்காத நகைக்கு உரிய இருப்பிடம் தேடியே நாங்கள் புறப்பட்டோம்.

சயாஜிராவ் சாலையிலுள்ள அரசாங்கக் காவேரிக் கைவினைக் கடையில் பேழைகள் பலவற்றைக் கண்டோம். மைசூர் ஈட்டி மரப் பதிப்பு வேலை புவிசார் குறியீடு பெற்ற கலை. பாரசீகத்து ஷீராஸ் நகரிலிருந்து வந்ததென்று சொல்வர். ஆனால் எங்கள் பொருள்களுக்கேற்ற அளவில் அங்கு ஒன்றும் அகப்படவில்லை. ஆதலால் கைவினைஞர் பலர் வாழும் மண்டி மொஹல்லாவுக்குச் சென்றோம்.

அங்கே முதிய பாய் ஒருவர் எங்களை அமரச் செய்து, "சார், உள்ளே என்ன வைக்கப் போகிறீர்கள்? அதைச் சொல்லுங்கள், அளவை நான் சொல்கிறேன்" என்றார். அவ்வொரு வினாவிலேயே எங்களுக்கு நம்பிக்கை பிறந்துவிட்டது. 12 அங்குல நீளம், 8 அங்குல அகலம், 4 அங்குல உயரம் என்று முடிவாயிற்று. மழைக்காலம் கழியட்டும், மரம் நன்றாய் உலராமல் உளி வைக்க மாட்டேன் என்று இரண்டு மாதம் தவணை கேட்டார்.

வேலையை அருகிருந்து பார்த்தோம். அடிப்பலகையை அவர் பசையிட்டு ஒட்டவில்லை. நான்கு பக்கச் சட்டங்களிலும் காடி வெட்டி அதனுள் செருகிவிட்டார். மழையில் மரம் உப்பும், கோடையில் சுருங்கும். அசைய இடம் கொடாவிட்டால் பிளந்துவிடும் என்பது அவர் சொன்ன காரணம். மூடியின் மேல் தாமரைக் கொடி வேண்டுமென்றாள் தங்கை. (கடைக்காரர்கள் யானையையும் தசரா ஊர்வலத்தையுமே நம் தலையில் கட்டப் பார்க்கின்றனர்.) தாளில் வரைந்த கொடியை மெல்லிய மரத்தகடுகளில் ஒட்டி, நூல் போன்ற வாளால் இதழ் இதழாய் அறுத்தார். மஞ்சளுக்குப் பலா, கறுப்புக்குக் கருங்காலி. சாயம் கிடையாது, மரத்தின் இயற்கை நிறமே. பின்னர் ஈட்டிப் பலகையில் அதே வடிவைக் கீறி, உளியால் பள்ளம் எடுத்து, இதழ்களைப் பதித்தார். இடுக்குகளை ஈட்டித் தூளும் பசையும் குழைத்து அடைத்தார். முன்னாளில் வச்சிரப் பசை, இன்று ஃபெவிகால். உப்புத்தாள் தேய்த்து, அரக்கு மெருகு ஏற்றியபின் தாமரை மலர்ந்தது என்றே சொல்லவேண்டும்.

ஒரு காலத்தில் இவ்விதழ்கள் தந்தத்தால் ஆயினவாம். 1912இல் முற்றுப்பெற்ற பெரிய அரண்மனையில் தந்தம் பதித்த ஈட்டிக் கதவுகளை இன்றும் காணலாம். இந்தியத் தந்த வணிகத்தை 1986ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் தடுத்தது. ஆப்பிரிக்கத் தந்தத்துக்கு 1991இல் தடை வந்தது. யானைக்கு நலம், அதில் ஐயமில்லை. அதன்பின் தம் தந்தையார் மரத்தின் நிறங்களை மட்டுமே கொண்டு தொழிலை மறுபடி கற்றுக்கொண்டார் என்று பாய் பெருமையோடு கூறினார். அவர் மக்கள் இருவரும் இத்தொழிலுக்கு வரவில்லை. அதை அவர் தாமாகச் சொல்லவில்லை. வெறுமையாய்க் கிடந்த மற்றிரு பட்டறைப் பலகைகளைக் கண்டு நாங்கள் கேட்டபின்னரே சொன்னார்.

பேழை செய்விக்க விரும்பும் அன்பர்க்குச் சில குறிப்புகள். மூடியில் காந்தப் பூட்டு வேண்டா. சாவிக் கடிகாரத்தின் நுண்ணிய வில் காந்தம் ஏறினால் ஓட்டம் பிறழும். பித்தளைக் கொக்கியே போதும். கடிகாரத்தை வெல்வெட் திண்டின் மேல் சுற்றி வைத்தால் தோல்வார் மடியாது. பாட்டரிக் கடிகாரமாயின், நெடுநாள் வைக்குமுன் பாட்டரியைக் கழற்றிவிடுக. கசிந்தால் பொறி கெடும். வைரம் பிற நகைகளைக் கீறுமாதலின் தனி அறை வேண்டும். வெள்ளியைத் துணியில் பொதிந்து வைத்தால் விரைவில் கறுக்காது. கனத்த நகைகளின் இடம் வங்கிப் பெட்டகமே. மரப்பேழை திருடனைத் தடுக்காது. வெளிநாட்டில் வாழும் நம்மவர் வாங்கும்போது ரசீதும் சான்றும் கேட்டுப் பெறுக. 2017 முதல் ஈட்டி மரம் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளது.

மற்றொன்று. விளக்கு வெளிச்சத்தில் வாங்காதீர்கள். எல்லா மரமும் ஒரே நிறமாய்த் தோன்றும். காலை பத்து மணிக்குமேல் சென்று, பேழையை வாசலுக்குக் கொணர்ந்து வெயிலில் பாருங்கள். பாய் முகம் சுளிக்கமாட்டார்.