புகைக்குழாயும் குதிரைத்திறனும்

குதிரைகளை விலைபேசும் சந்தையை யான் கண்டதில்லை. குதிரைத்திறனை விலைபேசும் சந்தையை அமெரிக்க நாட்டில் கல்வி பயின்ற காலத்தில் நன்கு கண்டேன். 2022-ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சலீஸ் நகரையடுத்த ஓரூரில், என் வகுப்புத் தோழனுடைய பாட்டியாரின் வீட்டு மாடியில் யான் குடியிருந்தேன். அத்தோழனிடம் 2013-ஆம் ஆண்டின் சயான் எஃப்.ஆர்.எஸ். என்னும் பந்தயச் சாயலுள்ள சிறு மோட்டார் இருந்தது. டொயோட்டாவும் சுபாருவும் கூடிச் செய்த அவ்வண்டி ஜப்பானில் டொயோட்டா 86 எனப் பெயர் பெற்றது. உருளையின் விட்டமும் உள்ளே தண்டு ஓடும் நீளமும் தனித்தனியே 86 மில்லிமீட்டர். அமெரிக்காவில் அதன் திறன் நிமிஷத்துக்கு 7,000 சுழற்சியில் 200 குதிரைத்திறன் எனக் கூறப்பட்டது. வண்டி அழகியதே. ஆனால் 3,500 சுழற்சிக்கும் 4,500 சுழற்சிக்கும் இடையே அதன் இழுவை சற்றே சோர்ந்து, பின்னர் மீண்டும் எழும். மலைச்சாலையில் ஏறுங்கால் அச்சோர்வு நன்கு புலப்படும்.

இக்குறையைத் தீர்ப்பதற்கென்றே ஹெடர் எனப்படும் வெளிக்கிளைக் குழாய்களைப் பலர் விற்கின்றனர். ஒரு கடையினர், தம் குழாயைப் பூட்டினால் 20 குதிரைத்திறன் கூடும் என்று விளம்பரம் செய்திருந்தனர். என் தோழன் மாலைதோறும் ஓர் உணவு விடுதியில் தட்டுக் கழுவிச் சேர்த்திருந்த பணத்தில் பெரும்பங்கு அதன் விலையாகும். "நீ பௌதிகம் படிப்பவனாயிற்றே, இது மெய்யா?" என்று அவன் என்னை வினவினான்.

குழாய் வெறும் வழிதானே, அதனால் திறன் எவ்வாறு பிறக்கும் என்று வாசகர் ஐயுறலாம். உருளையின் வெளிவால்வு திறந்தவுடன் எரிந்த வாயு பேரழுத்தத்தோடு குழாயிற் பாய்கின்றது. அவ்வழுத்தம் ஓர் அலையாகி ஓடி, கிளைகள் ஒன்றுகூடும் அகன்ற இடத்தை அடைந்ததும், அழுத்தங் குறைந்த அலையாக மாறித் திரும்புகின்றது. வெப்பம் மிக்க அவ்வாயுவினுள் ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 550 மீட்டர் செல்லும். ஆகவே 80 சென்டிமீட்டர் நீளமுள்ள கிளையில் அலை போய் மீள ஒரு வினாடியின் ஆயிரத்தில் மூன்று பங்கு போதும். உள்வால்வும் வெளிவால்வும் சிறிது நேரம் ஒருங்கே திறந்திருக்கும் வேளையில் அது வந்து சேருமாயின், எஞ்சிய புகையை வெளியே இழுப்பதோடு புதிய காற்றையும் உள்ளே வருவிக்கும். காசில்லாமற் கிடைத்த பணியாள் என்றே அதனைக் கூறலாம். ஆனால் அப்பணியாள் ஒரே வேகத்தில் நடப்பவன். யந்திரமோ பல வேகத்திற் சுழல்வது. 6,000 சுழற்சியில் மூன்றிலொரு சுற்றுக்குள் மீளும் அலை, 3,000 சுழற்சியில் ஏறக்குறைய ஏழிலொரு சுற்றுக்குள் மீண்டுவிடும். ஒரு வேகத்தில் உதவுவது மற்றொரு வேகத்திற் பிணங்கிப் புகையை உட்புறமே தள்ளவுங் கூடும். இவ்வண்டியின் சோர்வுக்கும் இத்தகைய அலைப்பிணக்கு ஒரு காரணமாகக் கருதப்படுகின்றது. எனவே குழாயின் நீளத்தையும் விட்டத்தையும் மாற்றினால் பயன் உண்டு என்பது பொய்யன்று.

பயன் எவ்வளவு என்பதே கேள்வி. முற்கால வண்டிகளில் வார்ப்பிரும்பாலான குறுங்கிளைகள் ஒன்றன்மேலொன்று புகையைக் கக்கின. அவற்றை அகற்றினோர் பெரும்பயன் பெற்றனர். பிற்காலத்திலோ செய்தவர்களே இதனை ஆராய்ந்து அமைத்துவிடுகின்றனர். 1989-இல் மஸ்டா கம்பெனியார் வெளியிட்ட மியாட்டா, எளிய விலையுடைய வண்டியாயினும், துருப்பிடியா எஃகுக் குழாய்க்கிளைகளோடேயே தொழிற்சாலையினின்றும் வந்தது. அதில் வேறு கிளைகளைப் பூட்டுவோர்க்கு எஞ்சுவது மிகச் சிறிதே.

கடையினரின் அளவைப்படத்தை யாங்கள் இருவரும் ஓரிரவு முழுதும் ஆராய்ந்தோம். இத்தகைய படங்கள், வண்டியை உருளைமேல் ஓட்டிச் சக்கரத்தில் அளந்தவை; பற்சக்கரப் பெட்டியும் டயரும் தமக்குரிய வரியை எடுத்துக்கொண்ட பின்னர், 200 என்பது அங்கே 165 அளவிற்குத்தான் நிற்கும். காற்றின் வெப்பமும் அழுத்தமும் நாளுக்கு நாள் வேறுபடுதலால், அளவை ஒரு பொது நிலைக்குத் திருத்தி எழுதுவர். அத்திருத்தத்தில் இருவகை வழக்குகள் உள. ஒன்று 25 டிகிரி வெப்பத்தையும், மற்றொன்று 15½ டிகிரி வெப்பத்தையும் சற்றே மிகுந்த அழுத்தத்தையும் அடிப்படையாகக் கொள்வது. பின்னது முன்னதைக் காட்டிலும் நூற்றுக்கு நான்கு அளவு மிகுத்துக் காட்டும். விளம்பரப் படத்தில் 'முன்' என்ற கோடு முதல் வழக்கிலும், 'பின்' என்ற கோடு இரண்டாம் வழக்கிலும் வரையப்பட்டிருந்தன! ஆறு குதிரைகள் கணக்கினின்றே பிறந்தன. மேலும், 'பின்' என்ற ஓட்டத்தில் யந்திரத்தின் கட்டளைகள் மாற்றி எழுதப்பட்டிருந்தன; எரிபொருளும் பெட்ரோல் அன்று, பெரும்பாலும் எதனால் என்னும் சாராயம் கலந்ததாகும். இவை சிறிய எழுத்தில் அடியில் இருந்தன. குழாய்க்கென உரிய பங்கு எவ்வளவென்று அப்படத்தால் ஒருவரும் கூறவியலாது.

உச்சத் திறனைப் பற்றிய ஆரவாரமே எனக்கு உடன்பாடன்று. 7,000 சுழற்சியில் எத்தனை பேர் நாள்தோறும் வண்டி செலுத்துகின்றனர்? நடுவிலுள்ள பள்ளத்தைக் குழாய் ஓரளவு நிரப்புமாயின், எண்ணிக்கையில் அது சிறிதெனினும் ஓட்டுவோன் உணரும் பயன் அதுவே.

பணத்தைக் கொடுக்கவே தோழன் எண்ணியிருந்தான். அவனைத் தடுத்தது வேறொன்று. அவ்வண்டியின் வெளிக்கிளைகளோடு ஒட்டியே புகை தூய்மிப்பான் அமைந்துள்ளது. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய அவ்வறையில் நச்சு வாயுக்கள் தீங்கு குறைந்தனவாக மாறுகின்றன. கடையினரின் குழாயில் அவ்வறை இல்லை. அதனை நீக்குதல் அந்நாட்டுச் சட்டப்படி குற்றம். கலிபோர்னியாவில் இரண்டாண்டுக்கொருமுறை வரும் புகைச்சோதனையிலும் வண்டி தேறாது. சோதனைக்கு முன் பழைய குழாயைப் பூட்டிப் பின்னர் கழற்றிவிடலாம் என்று கடையில் ஒருவர் வழி சொன்னாராம். இதனை அவன் உணவு மேசையிற் கூறுகையில் பாட்டியார் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் பிறந்தது 1944-இல். பள்ளிச் சிறுமியாயிருந்தபோது, நண்பகலிலும் மலைகள் மறைந்துபோக, கண்ணீர் வடிய வீடு திரும்பிய நாட்களைச் சொன்னார். மோட்டாரினின்றும் எண்ணெய் ஆலைகளினின்றும் வரும் வாயுக்கள் வெயிலில் மாறியே அப்புகைமூட்டம் உண்டாகின்றதென்று ஹாகன்-ஸ்மித் என்னும் பேராசிரியர் 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அந்நகர்ப்பக்கத்துக் கல்விக்கூடத்திலேயே கண்டறிந்தார். பாட்டியார் பேரனை ஒன்றும் தடுக்கவில்லை. "எந்த மலைக்கு ஓட்டிப் போவாய்?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த வாரம் அவன் நான்கு புதிய டயர்களை வாங்கினான். டொயோட்டாவார் எரிபொருள் சிக்கனத்துக்குப் பேர்போன தம் பிரியஸ் வண்டிக்கு இட்ட வகை டயர்களையே இதற்கும் இட்டிருந்தனர். வழுக்கி ஓடுவதே இன்பம் என்பது அவர்கள் கொள்கை போலும். சோர்வு அப்படியே இருந்தது. ஏற்றம் தொடங்குமுன்னரே மூன்றாம் கியருக்கு இறக்கி, முள் 4,500-ஐத் தாண்டி நிற்குமாறு ஓட்டப் பழகிக்கொண்டான். வளைவுகளில் யான் இருக்கையை இறுகப் பற்றிக்கொள்ள, அவன் நகைத்துக்கொண்டே போவான்.