உள்ளே போகிற தோட்டா

பழைய வேட்டை ரைபிளோடு என்னிடம் வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: “இதுக்குத் தோட்டா எங்க கிடைக்கும்?” எங்கே என்பது அப்புறம். எந்தத் தோட்டா என்பதை முதலில் முடிவுசெய்ய வேண்டும். தோட்டா உள்ளே போய்விடும், போல்ட்டும் பூட்டிக்கொள்ளும். அதனாலேயே அது அந்த ரைபிளுக்கு உரியதாகிவிடாது.

8 மி.மீ. மவுசரை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மன் ராணுவம் 1888இல் ஏற்ற தோட்டாவில் குண்டின் விட்டம் சுமார் 8.08 மி.மீ. 1900களின் தொடக்கத்தில் வந்த ‘எஸ்’ வகைக் குண்டு 8.20 மி.மீ. பித்தளைக் கூட்டின் நீளமோ இரண்டுக்கும் 57 மி.மீ. ராணுவம் மாறிய பிறகும் வேட்டை ரைபிள்களில் பழைய அளவுக் குழல் நெடுநாள் தொடர்ந்தது. அதில் புதிய தோட்டா உட்கார்ந்துவிடக்கூடும். சுட்டால், பருத்த குண்டு ஒடுங்கிய குழலில் நெருக்கிக்கொண்டு போக, அழுத்தம் எகிறும். அமெரிக்கத் தொழிற்சாலைகள் இன்றும் இந்தத் தோட்டாவில் மருந்தைக் குறைத்தே அடைப்பது இந்தப் பயத்தால்தான்.

இரண்டு பெயரில் ஒரே தோட்டா வருவதும் உண்டு. சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றதற்காக 1907இல் வேட்டைக்காரர் ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாகக் கிடைத்தது .275 ரிக்பி ரைபிள். .275 ரிக்பி என்பது 7×57 மவுசர் தோட்டாவுக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர், அவ்வளவே. ரிக்பி பெயர் போட்ட பெட்டிக்காக அலைகிறவர் 7×57 வாங்கிக்கொள்ளலாம். ஆனால் குறிப்பார்வை 140 கிரெயின் குண்டுக்கு அமைந்திருந்தால், 175 கிரெயின் குண்டு வேறிடத்தில்தான் போய் அடிக்கும்.

குழலில் பொறித்த எழுத்தை மட்டும் நம்பி நான் தோட்டா வாங்கச் சொல்வதில்லை. இடையில் யாராவது தோட்டா உட்காரும் சேம்பரைக் கடைந்து பெரிதாக்கியிருக்கலாம். எண்ணெய் தடவிய குழலுக்குள் மென்மையான ஈயக்கட்டியைத் தட்டி இறக்கி, வெளியே வந்ததை மைக்ரோமீட்டரில் அளப்பேன். சேம்பருக்கு செர்ரோசேஃப் என்ற உலோகக் கலவை. கொதிநீரின் சூட்டுக்கும் குறைவிலேயே உருகும். ஊற்றி ஆறியதும் முதலில் சுருங்கும், பிறகு மெல்ல விரியும். அரை மணிக்குள் வெளியே எடுத்துவிட வேண்டும். ஊற்றி ஒரு மணி நேரம் ஆனதும் அளந்தால் சேம்பரின் அளவு அப்படியே கிடைக்கும்.

அளவு சரியாக இருந்தும் ஆபத்து தீராத இடம், பழைய ஆங்கிலேய இரட்டைக்குழல். மூன்றேகால் அங்குல .450 கூட்டில் முதலில் கரிமருந்து அடைத்தார்கள். 1898இல் ரிக்பி நிறுவனம் அதே கூட்டில் கார்டைட் என்ற புகையில்லா நைட்ரோ மருந்தை அடைத்து நைட்ரோ எக்ஸ்பிரஸ் ஆக்கியது. கூட்டைப் பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது. கரிமருந்துக் குழலோ கார்டைட் அழுத்தத்தைத் தாங்காது. இங்கே கைகொடுப்பவை லண்டன், பர்மிங்காம் சோதனைச் சாலைகளின் முத்திரைகள். ‘கார்டைட் 70-480’ என்று இருந்தால் 70 கிரெயின் மருந்து, 480 கிரெயின் குண்டு, அதற்குமேல் கூடாது என்று பொருள். நைட்ரோ முத்திரையே இல்லாவிட்டால் நைட்ரோ தோட்டா கிடையாது. எவ்வளவு மன்றாடினாலும் என் பதில் அதுதான்.

பெரிய தோட்டாக்களைச் செய்துவந்த கைனாக் 1970 வாக்கில் அவற்றை நிறுத்தியது. அந்தக் காலத்துப் பெட்டிகள் சேகரிப்பாளருக்குச் சொத்து. எனக்கு அவை நீளம் ஒப்பிட மட்டும். இன்று அதே பெயரில் புதிதாக வருகின்றன. ஆனால் இரட்டைக்குழலில் இரு குழல்களும் ஒரே புள்ளியில் அடிப்பது குறிப்பிட்ட ஒரு வேகத்தில்தான். வேகம் குறைந்தால் அடிகள் விலகும். கூடினால் ஒன்றையொன்று தாண்டும். ஆகவே இலக்குத்தாளில் சுட்டுப் பார்க்காமல் எந்தப் பெட்டியையும் ‘சரி’ என்று சொல்வதற்கில்லை.

சரியானது தெரிந்ததும் குழல் அளவு, குண்டின் எடை, வேகம், முத்திரை எல்லாவற்றையும் ஒரு சீட்டில் எழுதி ரைபிள் பெட்டிக்குள் வைத்துத்தான் கொடுப்பேன். இந்த ரைபிள்கள் உரிமையாளரைவிட நீண்ட நாள் இருப்பவை. அடுத்து எடுக்கிறவர் தோட்டா உள்ளே போகிறதே என்று நினைத்துச் சுட்டுவிடக் கூடாது.