விசிலை எண்ணினால் மட்டும் போதுமா?

போன வருடம் ஒரு காலை, வாசல் தெளித்த தண்ணீரிலேயே வழுக்கி விழுந்தாள் என் மனைவி. வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. மாவுக்கட்டு போட்டு, 6 வாரம் கையை அசைக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார் டாக்டர். பிள்ளைகள் இருவரும் வெளியூரில். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

முதல் நான்கு நாள் மெஸ்ஸிலிருந்து சாப்பாடு வந்தது. அவளுக்கு ரத்தக்கொதிப்பு உண்டு. அந்த உப்பும் எண்ணெயும் ஒத்துக்கொள்ளவில்லை. ஐந்தாம் நாள், "என்னங்க, ஒரு குக்கர் வைக்கிறது பெரிய வித்தையா? நான் உட்கார்ந்து சொல்றேன், நீங்க வையுங்க" என்றாள். காபி கலப்பதைத் தவிர அடுப்படியில் எதுவும் அறியாதவன் நான். அப்போது எனக்கு வயது 68.

அன்று அவள் சொன்னதையெல்லாம் சரியாகவே செய்தேன். பருப்புக் கிண்ணத்தில் தண்ணீர், அரிசிக் கிண்ணத்தில் தண்ணீர், எல்லாம் அளந்து ஊற்றி, மூடி, வெயிட் போட்டுவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். விசில் வரவில்லை. வரும், வரும் என்று தலையங்கம் வரை படித்துவிட்டேன். ரப்பர் தீயும் வாடைதான் வந்தது. குக்கரின் அடியில் தண்ணீர் ஊற்றவே இல்லை! அது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று அவள் சொல்லவில்லை, எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

கேஸ்கட் போனது. சேஃப்டி வால்வும் உருகியிருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு, தானாக ஆறும்வரை குக்கரின் பக்கமே போகவில்லை. பாத்திரக் கடைக்காரர் இரண்டையும் மாற்றிக் கொடுத்துவிட்டு, "வால்வு உருகினதாலதான் சார் பிழைச்சீங்க" என்றார். தண்ணீர் வற்றிச் சூடு எல்லை மீறினால் அந்தச் சிறிய உலோகம் உருகி வழிவிட வேண்டும், அதற்காகவே வைத்திருக்கிறார்கள்.

அன்று இரவு இணையத்தில் குக்கரைப் பற்றித் தேடிப் படித்தேன். டெனி பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர் 1679-இல் லண்டனில் இதன் மூதாதையைச் செய்திருக்கிறார். எலும்பையே மெத்தென்று வேகவைத்ததாம். சேஃப்டி வால்வும் அவர் யோசனைதான். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். எவ்வளவு தீ வைத்தாலும் அதற்கு மேல் சூடு ஏறாது. மூடி அழுத்தம் கொடுத்தால் 120 டிகிரி வரை போகும். அதனால்தான் பருப்பு சீக்கிரம் குழைகிறது.

இது புரிந்த பிறகு விசிலை எண்ணுவதை விட்டேன். விசில் என்பது அதிகப்படியான நீராவி வெளியேறும் சத்தம், அவ்வளவுதான். பெரிய தீயில் அடுத்தடுத்து வரும். சின்னத் தீயில் எப்போதாவது வரும். அதை வைத்து எப்படிக் கணக்குப் பார்ப்பது? முதல் விசில் வந்ததும் தீயை 'சிம்'மில் வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்ப்பேன். அலுவலகப் பழக்கம் விடுமா? எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்து வைத்தேன்.

அந்த நோட்டிலிருந்து எங்கள் மதியச் சமையல்: குக்கர் அடியில் இரண்டு டம்ளர் தண்ணீர். (இதைச் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன்.) கீழ்க் கிண்ணத்தில் அரை மணி நேரம் ஊறிய துவரம்பருப்பு, மஞ்சள்தூள், ஒரு சொட்டு எண்ணெய். அதன் மேல் புழுங்கலரிசி, ஒன்றுக்கு மூன்று தண்ணீர். மேல் கிண்ணத்தில் பீட்ரூட்டோ உருளைக்கிழங்கோ. முதல் விசிலுக்குப் பிறகு 12 நிமிடம். அணைத்து, அழுத்தம் தானாக அடங்கும்வரை திறக்கக் கூடாது. அந்த நேரத்தில் புளி கரைத்துச் சாம்பார்ப்பொடி போட்டுக் கொதிக்கவிட்டால், வெந்த பருப்பைச் சேர்த்துத் தாளிக்க வேண்டியதுதான் பாக்கி.

இரவுக்கு வெண்பொங்கல். பச்சரிசி ஒரு டம்ளர், பாசிப்பருப்பு அரை டம்ளர், தண்ணீர் ஐந்து டம்ளர். பருப்பு நுரைத்து வெயிட் துளையை அடைக்கும் என்பதால் குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. வைப்பதற்கு முன் துளையை வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

கட்டுப் பிரித்த பிறகும் வாரத்தில் மூன்று நாள் நான்தான் குக்கர் வைக்கிறேன். "இன்னைக்குப் பருப்பு நல்லா குழைஞ்சிருக்கு" என்று அவள் சொன்னால், நான் பிரமோஷன் வாங்கிய நாள்கூட நினைவுக்கு வருவதில்லை. 40 வருடம் அவள் வைத்த பருப்பைப் பற்றி நான் ஒருநாளும் வாய் திறந்து சொன்னதில்லை என்பதும் அப்போதுதான் உறைக்கிறது.

இந்தத் தை மாதம் மகள் வீட்டுக்குப் பத்து நாள் போனாள். முன்பெல்லாம் ஊருக்குக் கிளம்பினால் புளிக்காய்ச்சல், தொக்கு, பொடி என்று ஃப்ரிட்ஜையும் அலமாரியையும் நிரப்பி வைத்துவிட்டு, பஸ் ஏறும்வரை கவலைப்படுவாள். இந்த முறை ஒன்றும் செய்து வைக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு, "போயிட்டு வரேங்க" என்று கிளம்பிவிட்டாள்.

எங்கள் வயதில் இருவரில் ஒருவர் முன்னால் போகத்தான் வேண்டும். மனைவியை இழந்த நடைப்பயிற்சி நண்பர் ஒருவர், இரண்டு வருடமாக மெஸ் கேரியரைத் திறந்து பாதியோடு மூடிவிடுகிறார். போன ஞாயிறு அவர் வீட்டுக்குப் போனேன். பரண் மேல் கிடந்த குக்கரை இறக்கி, புது கேஸ்கட் போட்டு, இருவருமாகப் பொங்கல் வைத்தோம். உப்பு கொஞ்சம் தூக்கல். ஆனாலும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஆண் நண்பர்களே, கை கால் நன்றாக இருக்கும்போதே ஒரு குக்கர் வைக்கக் கற்றுக்கொள்ளுங்கள். அடியில் தண்ணீர் ஊற்ற மறக்காதீர்கள்.