கால் அங்குல ஸ்பானர்

மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, வழக்கம்போல் சங்க இலக்கியத்தில் ஏதேனும் ஒரு துறையைப் பற்றி எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். ஆனால் சில ஆண்டுகளாக என் நெஞ்சை விட்டு அகலாமல் இருப்பது ஒரு பழைய மோட்டார் சைக்கிளின் கிளட்சு. பொருளின் சிறுமையை அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

என் தந்தையார் குடியாத்தத்துக்காரர். 1961-இல் பெங்களூருக்கு வந்து எச்.எம்.டி. தொழிற்சாலையின் கருவிக்கூடத்தில் ஃபிட்டராகச் சேர்ந்தார். 1974-இல் 350 சி.சி. புல்லட் ஒன்று வாங்கினார். சென்னைத் திருவொற்றியூரில் செய்யப்பட்ட வண்டி. மாதிரியோ இங்கிலாந்திலுள்ள ரெட்டிச் நகரத்தது. வலக்காலில் கியர், இடக்காலில் பிரேக்கு. பிறப்பால் தமிழ், மரபால் ஆங்கிலம் என்று தந்தையார் சொல்லிச் சிரிப்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அதைக் கழற்றிப் பூட்டுவது அவருக்கு வழிபாடு போன்றது. முற்றத்தில் செய்தித்தாளை விரிப்பார். கழற்றிய பொருள்களைக் கழற்றிய வரிசையிலேயே இடமிருந்து வலமாக வைப்பார். பூட்டும்போது வலமிருந்து இடமாக எடுத்துவந்தால் போதும். எனக்கு அவர் ஒதுக்கிய வேலை ஒன்றே ஒன்று: டார்ச்சு பிடிப்பது. அதையும் நான் ஒழுங்காகச் செய்ததில்லை. "வெளிச்சம் என் கைமேல வேண்டாண்டா, நட்டுமேல வேணும்" என்பார். ஒரு நாள் ஆசையோடு ஸ்பானரை எடுக்கப் போன என் கையைத் தட்டிவிட்டார். "படிக்கிற கை கறுக்கக் கூடாது." அவ்வளவுதான். அதன்பின் நான் கேட்கவும் இல்லை, அவர் கற்பிக்கவும் இல்லை. படித்தேன், வங்கியில் எழுத்தர் ஆனேன், கை கறுக்கவில்லை.

2009-இல் தந்தையார் காலமானார். அடுத்த ஆண்டு வீட்டை வெள்ளையடித்தபோது, அவருடைய கருவிப்பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு கருவியிலும் அவர் பெயரின் முதலெழுத்துகள் இரண்டு பஞ்சினால் குத்தப்பட்டிருந்தன. பெரும்பாலான ஸ்பானர்களில் கால், பதினாறில் ஐந்து, எட்டில் மூன்று என்று ஏதேதோ பின்ன எண்கள். மில்லிமீட்டர் அளவு ஒன்றில்கூட இல்லை. என் ஸ்கூட்டரின் எந்த நட்டுக்கும் அவை பொருந்தவில்லை. பழைய இரும்பு வாங்குபவர் தெருவில் வந்தார். 14 கிலோ, கிலோ 20 ரூபாய் வீதம் 280 ரூபாய். அந்தத் தொகையை இன்றுவரை என்னால் மறக்க இயலவில்லை. அம்மா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை.

வண்டியை மட்டும் விற்க மனம் வரவில்லை. மாதம் ஒருமுறை அல்சூர் ஏரிவரை ஓட்டி வருவேன். 2016-இல் அதன் கிளட்சு நழுவத் தொடங்கியது. கைப்பிடியைத் திருகினால் எஞ்சின் மட்டும் ஓலமிடும், வண்டி முன்னேறாது. ஒரு பணிமனையில் விட்டேன். மூன்று நாள் கழித்துத் திரும்ப வாங்கியபோது நழுவல் அப்படியே இருந்தது. சங்கிலிப் பெட்டியின் மூடியை இறுக்கும் நட்டில் உளி பாய்ந்த வெட்டுகள் புதிதாக இருந்தன. சரியான ஸ்பானர் இல்லாதவன் உளியை எடுத்திருக்கிறான். தந்தையார் அந்த நட்டைப் பார்த்திருந்தால் அன்று சோறு உண்டிருக்க மாட்டார். நானே செய்வதென்று அன்றிரவு முடிவு செய்தேன். ஐம்பத்திரண்டு வயதில்!

முதல் நட்டிலேயே தோற்றேன். 13 மில்லிமீட்டர் ஸ்பானர் நுழையவில்லை; 14 வழுக்கியது. என் அறியாமை அப்போதுதான் எனக்கு விளங்கத் தொடங்கியது. 1841-இல் ஜோசப் விட்வொர்த் என்னும் ஆங்கிலப் பொறியாளர், ஆளுக்கொரு மரையாக இருந்த தம் நாட்டுத் திருகாணிகளை ஒரே முறைக்குள் கொண்டுவர ஓர் அளவுத்திட்டம் வகுத்தார். அம்முறைப்படி ஸ்பானரில் பொறித்திருக்கும் எண் அதன் வாயின் அகலமன்று. அது பற்றும் போல்ட்டுத் தண்டின் விட்டம். ஆகவே கால் அங்குல ஸ்பானர் என்பதன் வாய் உண்மையில் அரை அங்குலத்தைவிடச் சற்றே பெரியது, அதாவது 13.3 மில்லிமீட்டர். பதின்மூன்றுக்கும் பதினான்குக்கும் இடையில் நிற்கும் இந்த அளவுக்குத்தான் என் கடையில் வாங்கிய ஸ்பானர்கள் தோற்றன. அக்காலத்துப் புல்லட்டின் நட்டுகளில் பல இந்த ஆங்கில வழி அளவுகளில் அமைந்தவை. எடைக்குப் போட்ட 14 கிலோ, இவ்வண்டிக்காகவே தந்தையார் ஒவ்வொன்றாகச் சேர்த்தது. சில, 1985-இல் தீக்கிரையான சென்னை மூர் மார்க்கெட்டில் வாங்கியவை என்று அவரே சொல்லக் கேட்டிருக்கிறேன். கேட்டிருந்தும் விற்றேன்.

சிவாஜி நகரில் பழைய வண்டிச் சாமான்கள் விற்கும் குஜிரிக் கடைகளில் இரண்டு ஞாயிறுகள் அலைந்தேன். உருதுவும் தமிழும் கன்னடமும் ஒரே வாக்கியத்தில் பேசும் ஒரு பெரியவர், நான் 'விட்வொர்த்' என்றதும் விழித்தார். "இங்கிலீஷ் சைஸா? அப்படிச் சொல்லுங்க சார்" என்று ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்தார். துருவுக்கு அடியில் கால் அங்குல ஸ்பானர் ஒன்று கிடைத்தது. திருப்பிப் பார்த்தேன். அதிலும் இரண்டு எழுத்துகள் குத்தப்பட்டிருந்தன. என் தந்தையாருடையவை அல்ல. வேறு யாரோ ஒருவருடையவை. ஒன்றுக்கு 150 ரூபாய் வீதம் ஐந்து ஸ்பானர் வாங்கினேன். பேரம் பேசவில்லை.

இனி வேலை. எண்ணெய் பிடிக்க ஒரு தட்டு, அகன்ற திருப்புளி, ரப்பர் சுத்தியல், சாக்கெட்டும் நீண்ட பிடியும், சின்ன உளி, தட்டையான அரம்: இவை போதும் என்று எண்ணித் தொடங்கினேன். இடப்பக்கக் கால்மிதியைக் கழற்றினால் சங்கிலிப் பெட்டியின் மூடி தெரியும். அவ்வளவு பெரிய மூடியை நடுவிலுள்ள ஒரே ஒரு நட்டு தாங்குகிறது. உளிபட்ட அந்த நட்டுதான். மூடி விலகியதும் அரை லிட்டருக்கும் குறைவான எண்ணெய் தட்டில் இறங்கியது. உள்ளே முன்புறம் மின்னாக்கி, பின்புறம் கிளட்சு, இரண்டையும் சுற்றி இணைப்பே இல்லாத முழுச் சங்கிலி. பிளேட்டுகளை மட்டும் மாற்றுவதானால் மூன்று சுருள்வில்களின் திருகுகளைக் கழற்றினால் தீர்ந்தது. எனக்கோ உராயும் பட்டைகள் பதிந்த பற்சக்கரமே தேய்ந்துபோயிருந்தது. சங்கிலிக்கு இணைப்பு இல்லாமையால் கிளட்சும் எஞ்சின் பற்சக்கரமும் ஒருங்கே வெளியே வரவேண்டும். அதற்கு முன் மின்னாக்கி வரவேண்டும்.

கிளட்சின் நடு நட்டில் வந்து நின்றேன். அதைப் பூட்டும் வாஷரின் மடிப்பை உளியால் நிமிர்த்தியாயிற்று. ஆனால் நட்டைத் திருகினால் கிளட்சும் சேர்ந்து சுழல்கிறது. வண்டியை நான்காம் கியரில் போட்டுப் பின் பிரேக்கை அழுத்திக்கொள்ளலாம் என்று படித்திருந்தேன். அழுத்த இன்னொரு கால் வேண்டும். பிரேக்கு மிதியோ அதே பக்கம், என் கைக்கு இடைஞ்சலாக இருந்தது. பற்சக்கரத்தில் திருப்புளியைச் செருகி நிறுத்துவோரும் உண்டு. பல் முறிந்தால் யார் பொறுப்பு? இருட்டும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அம்மா டார்ச்சோடு வந்து நின்றார். வெளிச்சம் என் கையில் விழவில்லை. சரியாக நட்டின்மேல் விழுந்தது. சற்று நேரம் பார்த்துவிட்டு உள்ளே சென்று, மாவுப் பானையின் மூடிமேல் பாரமாக வைத்திருந்த ஓர் இரும்புப் பொருளைக் கொண்டுவந்தார். வட்டமான பழைய கிளட்சுப் பிளேட்டு. அதன் விளிம்பில் ஒரு முழ நீளமுள்ள பட்டை இரும்பு பற்றவைக்கப்பட்டிருந்தது. ஆண்டுக்கணக்காக அதைச் சமையலறையில் பார்த்திருக்கிறேன். ஏதோ உடைந்த சாமான் என்று நினைத்திருந்தேன்.

"இது கிளட்சைப் பிடிக்கிற பிடி. நைனா பண்ணது. இதை உள்ளே சொருகி நான் பிடிச்சிக்குவேன், அவர் நட்டைக் கழட்டுவார். நீ பள்ளிக்கூடம் போயிருக்கிற நாள்லே யார் டார்ச்சு பிடிச்சாங்கன்னு நினைச்சே?"

பிளேட்டின் உட்பற்கள் கிளட்சின் நடுப்பகுதியில் சரியாக அமர்ந்தன. எழுபத்து நான்கு வயது அம்மா முக்காலியில் அமர்ந்து பிடியைத் தொடைமேல் ஊன்றிக்கொண்டார். ஒரே இழுப்பில் நட்டு அசைந்தது. பிடியின் நுனியில் அந்த இரண்டு எழுத்துகள் இருந்தன. அன்று எடைக்குப் போட்டதிலிருந்து இதை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டீர்களா என்று கேட்டேன். "இதுக்கு மட்டும் எனக்குப் பேர் தெரியும்" என்றார். மற்றவற்றைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

அடுத்த ஞாயிறு பூட்டினோம். ஜே.சி. சாலையில் வாங்கிய புதிய பற்சக்கரமும் பிளேட்டுகளும். எஃகுப் பிளேட்டுகளைக் கண்ணாடிமேல் வைத்து ஒவ்வொன்றும் நெளியாமல் படிகிறதா என்று பார்த்தேன். நெளிந்த பிளேட்டு இருந்தால் கிளட்சு முழுவதும் விலகாது, நியூட்ரல் கிடைக்காது. மின்னாக்கியின் சுழலும் பகுதிக்கும் நிலையான பகுதிக்கும் நடுவே தடித்த காகிதம் ஒன்று சுற்றிலும் தடையின்றி நுழைகிறதா என்று சோதித்தேன். எல்லாம் சரி. மூடியை இறுக்கி, எண்ணெய் ஊற்றி, கிளட்சு லீவரைப் பிடித்தால் அது உயிரற்றுத் துவண்டது.

செய்தித்தாளின்மேல் காளான் வடிவச் சிறு எஃகுத் துண்டு ஒன்று தனியே கிடந்தது. கியர்பெட்டியின் உள்துளைத் தண்டு வழியே வரும் கோலுக்கும் அழுத்தத் தகட்டுக்கும் நடுவே அமரவேண்டியது. வரிசையாகத்தான் வைத்திருந்தேன், எடுக்கும்போது தாண்டிவிட்டேன். மறுபடியும் எண்ணெயை இறக்கி, மூடியைக் கழற்றி, மூன்று திருகுகளையும் எடுத்து, அதை அதன் இடத்தில் வைத்தேன். அம்மா டார்ச்சைக் கீழே வைக்காமலே சிரித்தார். அவரும் இதை ஒருமுறை விட்டிருக்கிறார் போலும் என்று கேட்டதற்கு, "ஒருமுறையா?" என்றார்.

கியர்பெட்டியின் வலப்பக்கச் சிறு மூடியைத் திறந்து, கோலுக்குச் சற்றே இளக்கம் விட்டு நட்டை இறுக்கினேன். அதற்கும் கால் அங்குல ஸ்பானர்தான் பொருந்தியது. உதைத்தேன், நான்காவது உதையில் புல்லட் எழுந்தது. முதல் கியர் ஓசையின்றி விழுந்தது. அல்சூர் ஏரிவரை சென்று திரும்பினேன். அம்மா பின்னால் உட்கார மறுத்துவிட்டார். வாசலில் நின்று காது கொடுத்துக்கொண்டிருந்தார்.

அந்த ஐந்து ஸ்பானர்களையும் துரு நீக்கித் தந்தையாரின் பெட்டியில் வைத்திருக்கிறேன். பிடி மட்டும் மீண்டும் மாவுப் பானையின் மூடிமேல் போய்விட்டது. வேண்டும்போது கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்.