கெடாரில் ஒரு ரெய்டு!

தலைப்பைப் பார்த்துவிட்டு இன்கம்டாக்ஸ்காரர்கள் சமாச்சாரம் என்று ஓடி வந்தவர்கள் மன்னிக்கவும். கெடாரில் எங்கள் சித்தப்பா வீட்டில் அந்த ரெய்டு நடத்தினால் இரண்டு மூட்டை மல்லாட்டையும் ஓடாத மிக்ஸி ஒன்றும்தான் சிக்கும். இது கபடி ரெய்டு. நடுக்கோட்டைத் தாண்டி, ஏழு பேர் காத்திருக்கிற இடத்துக்குள் ஒருத்தன் மட்டும் பாடிக்கொண்டே போகிறானே, அது.

காணும் பொங்கலுக்கு முதல் நாள் சித்தியிடமிருந்து போன். "நீ மெட்ராஸ்ல ஆபீஸ் உத்தியோகம் பாக்குறவன். நீ சொன்னா சின்னவன் கேப்பான். அந்தக் கபடியை விட்டுத் தொலைக்கச் சொல்லுடா கண்ணு. ஒரகடத்துல கான்ட்ராக்ட்ல இருக்கான். அடிக்கடி லீவு போட்டா அதுவும் பூடும்..."

ஆபீஸில் நான் சொல்வதை டீ கொண்டுவருகிற பையனே கேட்பதில்லை. சித்திக்கு அது தெரியாது. கிளம்பிவிட்டேன்.

விழுப்புரத்தில் திருவண்ணாமலை பஸ்கள் வரிசையாக நிற்கும். "கெடார் நிக்குமா?" என்று கேட்டுப் பாருங்கள். கண்டக்டர் ஒரு பார்வை பார்ப்பார். "நேரா அண்ணாமலையார்தான் சார். நடுவுல யாரையும் பாக்க மாட்டோம்!" மூன்றாவது பஸ்ஸுக்குத்தான் மனசு இரங்கியது. காணை தாண்டியதும் காற்றே வேறு. கரும்பு வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். வெட்டிய இடத்தில் சோகை எரிகிற வாசனை. (மற்ற ஜில்லாக்காரர்களுக்கு ஒரு டிப்ஸ்: மல்லாட்டை என்றால் நிலக்கடலை. இங்கே வந்து நிலக்கடலை என்று கேட்டால் உங்களை அசலூர் என்று முடிவு கட்டி விலை சொல்வார்கள்.)

கெடார் பஸ் ஸ்டாப்பில் இறங்கினால் எதிரே 'மாபெரும் கபடிப் போட்டி' ஃப்ளெக்ஸ். டீமில் ஆடுகிறவர்கள் பன்னிரண்டு பேர். ஃப்ளெக்ஸில் நாற்பது மூஞ்சி! அதில் ஒரு கைக்குழந்தை கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டு செல்போன் பேசுகிறது. தேடிப் பார்த்ததில் எங்கள் சின்னவன் கடைசி வரிசையில், அரை முகத்தோடு இருந்தான். மீதி அரை முகத்தை முதல் பரிசு ரொக்கம் மறைத்துவிட்டது.

டீக்கடையிலேயே அவனைப் பிடித்தேன். வயசு இருபத்திரண்டு. முழங்கால் இரண்டிலும் காய்ந்த சிராய்ப்பு. சித்தி கொடுத்த டியூட்டியை ஆரம்பித்தேன்.

"டேய், தமிழ் தலைவாஸே இன்னும் ஒரு கப் அடிக்கல. நீ எங்கடா போகப் போற?"

சிரித்தான். "நீ எத்தினி மேட்ச் பாத்திருக்கண்ணா?"

நல்ல கேள்வி. அதில் எனக்கு ஒரு பழைய காயம் உண்டு. புரோ கபடி 2014-ல் எட்டு டீமோடு ஆரம்பித்தபோது சடுகுடுவுக்குப் பேர்போன நம் ஊர் பெயரில் டீமே கிடையாது. ஜெய்ப்பூர்தான் முதல் சாம்பியன். அந்த டீமுக்குக் கோச் யார் என்றால் நம் தமிழ்நாட்டு கே.பாஸ்கரன்! 2016-ல் பாட்னா கோப்பை வாங்கியபோது கேப்டன் தஞ்சாவூர்ப் பக்கத்துத் தர்மராஜ் சேரலாதன். வடக்கத்திப் பையன்களும் அவரை 'அண்ணா' என்றுதான் கூப்பிடுவார்கள். ஊர் ஊருக்குப் போய் நம்மாட்கள் கோப்பை வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நமக்கென்று ஒரு டீம் வந்தது 2017-ல்தான். பங்குதாரர்களில் சச்சின் டெண்டுல்கர், விளம்பரத் தூதர் கமல்ஹாசன், கோச் அதே பாஸ்கரன். கேப்டன் மட்டும் இமாச்சலப் பிரதேசத்து அஜய் தாக்கூர். 2016 உலகக் கோப்பையில் இந்தியாவை ஜெயிக்க வைத்த ரெய்டர், குறை சொல்ல முடியாது. ஆனாலும் 2017 ஜூலை 28, ஹைதராபாத்தில் முதல் மேட்ச், தெலுங்கு டைட்டன்ஸிடம் 27-32. அந்த சீசனில் எங்கள் பிரிவில் கடைசி.

அடுத்த வருஷம் சென்னையில் தொடக்க விழா. 2018 அக்டோபர் 7, ஞாயிற்றுக்கிழமை. ஆபீஸ் கும்பலோடு நேரு ஸ்டேடியம் உள்ளரங்கத்துக்குப் போனேன். மூன்று தடவை சாம்பியனான பாட்னாவை 42-26 என்று போட்டுத் தாக்கினார்கள்! தொண்டை கிழியக் கத்தினேன். அதோடு விட்டிருக்கலாம். மறுநாள் திங்கட்கிழமை, எப்போதோ காலமாகிவிட்ட தாத்தாவை இன்னொரு தடவை சாகடித்து, லீவு லெட்டர் எழுதிக் கொடுத்துவிட்டு மறுபடி போனேன். தோல்வி. அதற்கு அடுத்த நாளும் தோல்வி. தாத்தா சாபம் சும்மா விடுமா? சொந்த ஊர் மேட்ச்களில் அந்த முதல் நாளோடு வெற்றிக்கு மூட்டை கட்டிவிட்டார்கள். சீசன் முடிவில் மறுபடி கடைசி. 2019-ல் ராகுல் சவுத்ரி, மோஹித் சில்லர் என்று ஸ்டார்களாக வாங்கிக் குவித்தார்கள். பாதியில் கோச் மாறினார். பன்னிரண்டு டீமில் பன்னிரண்டாவது இடம். சித்தி பாஷையில் சொன்னால், காசைக் கொட்டி வாங்கின பூசணி உள்ளே அழுகல்.

"அதெல்லாம் வுடுண்ணா. 2022 ஞாபகம் இருக்கா?" என்றான் சின்னவன்.

மறக்குமா? பவன் ஷெராவத்தை 2 கோடியே 26 லட்சத்துக்கு ஏலம் எடுத்தார்கள். அதுவரை கபடியில் அவ்வளவு தொகைக்கு யாருமே போனதில்லை. முதல் மேட்ச், குஜராத்தோடு. பத்து நிமிஷம்கூட முழுசாக ஆடியிருக்க மாட்டார், முழங்கால் போய்விட்டது. சீசனே ஓவர். அவர் பிடிக்கப் போன ரெய்டர் யாரென்றால் குஜராத் கேப்டன் சந்திரன் ரஞ்சித். தமிழ்நாட்டுக்காரர்! தமிழ் டீமின் வட இந்திய ஸ்டார், வட இந்திய டீமின் தமிழ் கேப்டனைப் பிடிக்கப் போய்க் காலை ஒடித்துக்கொண்டார் என்றால், இதைக் கதையில் எழுதினால் எடிட்டர் திருப்பி அனுப்பிவிடுவார்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. அஷன் குமார் கோச்சாக வந்தார். பவன் இல்லாத இடத்தில் நரேந்தர் என்று ஒரு புதுப் பையன். முதல் சீசனிலேயே 243 ரெய்டு பாயின்ட்! முதல் தடவையாக பிளே-ஆஃப். யு.பி. யோதாஸோடு 36-36 சமன், டை-பிரேக்கரில் 6-4. செமி ஃபைனலில் புனேயிடம் 37-39. இரண்டே பாயின்ட்!

"அன்னிக்கி ராத்திரி நான் சாப்புடல" என்றான் சின்னவன். நானும்தான். அப்புறம் 2023-24லும் 2024லும் ஒன்பதாவது இடம். 2025 வரை எட்டு சீசன், கோப்பை வரவில்லை.

"அந்த நரேந்தரும் யாருக்கும் தெரியாத பையனாத்தான வந்தான்?" என்றான். "ஆமாடா, ஹரியானாலேர்ந்து. நம்ம டீம்ல நம்ம ஊர்ப் பசங்க எத்தினி பேருடா?" என்றேன். விரல் விட்டு எண்ண ஆரம்பித்தான். ஒரு கையிலேயே முடிந்துவிட்டது. "அவங்க சின்ன வயசுலேர்ந்து மேட்ல ஆடுறாங்க. நாங்க மண்ணு. மேட்டுக்கு ஷூவே தனியா வாங்கணும்ணா. மண்ணுல கால் வழுக்குனாதான் நமக்குப் பழக்கம். மேட்ல கால் ஒட்டிக்கும்." அவன் சொன்னதைத் தோற்ற கணக்கில் யாரும் எழுதுவதில்லை. இத்தனைக்கும் 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வாங்கிய இந்திய அணிகளில் கண்ணகி நகர் கார்த்திகாவும் வடுவூர் அபினேஷும் இருந்தார்கள். 1994 ஹிரோஷிமா ஆசியாட் தங்கத்தில் மணத்தி கணேசன் இருந்தார். ஆள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

"இந்த மேட்ச்சுக்கு எத்தினி நாள் லீவு?"

"ரெண்டு நாள். சம்பளம் கட்."

சம்பளம் கட் என்றதும் எனக்கு ரக்பி ஞாபகம் வந்தது. சிரிக்காதீர்கள். 2025 ஜூனில் மும்பையில் நடந்த முதல் ரக்பி பிரீமியர் லீகில் சென்னை புல்ஸ் ஃபைனலில் டெல்லியை 41-0 என்று துவைத்துக் கோப்பை வாங்கியது. நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கே பிற்பாடுதான் தெரியும். அந்த ஜோரில் ரக்பி சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டினேன். அதுவும் நம் சடுகுடு மாதிரி ஆளைப் பிடித்துச் சாய்க்கிற ஆட்டம்தான், நடுவில் ஒரு பந்து, அவ்வளவுதான். இங்கிலாந்தின் வடக்கே சுரங்கத்திலும் மில்லிலும் வேலை பார்த்தவர்கள் ஆடினார்கள். சனிக்கிழமை மேட்ச். சனிக்கிழமையும் வேலை நாள். ஆடப் போனால் கூலி போச்சு. 'அந்தக் கூலியையாவது கொடுங்களேன்' என்று கேட்டதற்கு, கூடாது, ஆட்டம் ஆட்டத்துக்காகத்தான் என்று விட்டார்கள் மேலிடத்துக் கனவான்கள். (கனவான்களுக்கு சனிக்கிழமை வேலை கிடையாது!) 1895 ஆகஸ்ட் 29, ஹடர்ஸ்ஃபீல்ட் ஊரில் ஒரு ஹோட்டலில் கூடி வடக்கத்தி கிளப்கள் தனியாகப் பிரிந்தன. நாளைக்கு ஆறு ஷில்லிங் வரை கூலி. ரக்பி லீக் பிறந்த கதை அதுதான். 1898-ல் சம்பளமே கொடுக்கலாம் என்றார்கள், ஆனால் ஒரு கண்டிஷன்: ஆடுகிறவனுக்கு வேறொரு வேலை கட்டாயம் இருக்கணும்!

கதையைக் கேட்டுவிட்டு, "ஆறு ஷில்லிங்குன்னா எவ்ளோண்ணா?" என்றான். தெரியவில்லை என்றேன். "நம்ம ஊருல அதுவுமில்ல" என்று டம்ளரை வைத்துவிட்டு எழுந்தான்.

ஊருக்கு வெளியே பொட்டலில் செம்மண்ணைக் கொத்தி, தண்ணீர் தெளித்து, சுண்ணாம்பில் கோடு போட்டிருந்தார்கள். சுற்றிலும் கயிறு. மைக்கில் ஒருத்தர், மேட்ச்சைவிட நன்கொடைப் பட்டியலை ஆவேசமாக வாசித்துக்கொண்டிருந்தார். பனி இறங்க இறங்கக் கூட்டம் நெருக்கியது. சித்தப்பா தலையில் துண்டோடு ஓரமாக நின்றார். வீட்டில் மகனைத் திட்டுகிற மனுஷன், இங்கே முதல் வரிசை.

செமி ஃபைனல். கடைசி நிமிஷம், இரண்டு பாயின்ட் பின்னால் இருக்கிறோம். சின்னவன் பாடிப் போனான். எதிரே நான்கு பேர். இடது மூலைக்காரன் கணுக்காலைப் பிடிக்கக் குனிந்தான். இவன் காலை நீட்டி அவன் தோளைத் தொட்டு, திரும்பும்போது இன்னொருத்தனையும் தட்டிவிட்டான். ரெண்டு பாயின்ட்! கோட்டுக்கு ஒரு அடிதான். பாய்ந்தான். மூன்றாமவன் இடுப்பைக் கட்டினான். நான் எழுந்து கத்திய கத்தலில் பக்கத்தில் இருந்த பெரியவர் காதைப் பொத்திக்கொண்டார். விரல் கோட்டைத் தொட்டதா, தொடவில்லையா? அம்பயர் இரண்டு தரம் குனிந்து மண்ணைப் பார்த்தார். கையை எதிர்ப்பக்கம் காட்டினார். போச்சு. ஒரு விரல்கடை இருந்திருக்கும்.

சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, யாரிடமும் பேசாமல் நடந்தார்.

மூன்றாவது பரிசு 5,001 ரூபாய். நுழைவுக் கட்டணம் 500, பனியன் பாக்கி 1,500 போக மீதி 3,001. பன்னிரண்டு பேருக்குத் தலா 250. மிச்சம் ஒரு ரூபாய், பிள்ளையார் உண்டியலுக்கு. போன சம்பளமோ ஆயிரத்துச் சொச்சம். அந்த 250-ஐ சின்னவன் அம்மா கையில் கொடுத்தான். சித்தி எண்ணிப் பார்க்காமல் அஞ்சறைப் பெட்டியில் வைத்தாள். என்னைப் பார்த்து, "சொன்னியாடா?" என்றாள். பதில் சொல்ல வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. கத்தியதில் தொண்டை கட்டிவிட்டது. பனங்கற்கண்டும் மிளகும் போட்டுப் பால் கொடுத்தாள்.

காலை ஷிஃப்ட்டைப் பிடிக்க அவனும் என்னோடு ராத்திரியே கிளம்பினான். விழுப்புரத்தில் சென்னை பஸ் ஏறி உட்கார்ந்ததும் பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நீட்டினான்.

"ண்ணா, அடுத்த மாசம் ஒரு மேட்ச் இருக்கு. செலக்ஷனுக்கு ஆள் பாக்க வராங்களாம். சூப்பர்வைசருக்கு லெட்டர் எழுதித் தாயேன். ஆபீஸ்ல நீதான் லெட்டர்ல பெரிய ஆளாமே?"

பேனாவை எடுத்தேன். 'மதிப்பிற்குரிய ஐயா' வரைக்கும் வண்டி ஓடியது. அடுத்த வரியில் வழக்கம்போலத் தாத்தா வந்து நின்றார்.

"காரணம் என்னடா போடட்டும்?" என்றேன், வராத குரலில்.

"கபடின்னே போடுண்ணா."