இமயச் சாரலில் – 6: ஹேம்குண்ட் படிகளில் பிரம்ம கமலம்

காங்கரியாவைத் தாண்டியதும் பாதை இரண்டாகப் பிரிகிறது. இடப்பக்கம் போனால் பூக்களின் பள்ளத்தாக்கு. வலப்பக்கம் செங்குத்தாக ஏறினால் ஹேம்குண்ட் சாகிப். பள்ளத்தாக்கை மறுநாளைக்கு ஒத்திவைத்துவிட்டு வலப்பக்கம் திரும்பினேன். பிரம்ம கமலம் கண்ணில் படுவதற்கு இந்தப் பாதைதான் தோது என்று காங்கரியாவில் எல்லோரும் சொன்னார்கள்.

ஆறு கிலோமீட்டருக்குள் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம். கோவேறு கழுதைகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி ஏறி 4,000 மீட்டரைத் தாண்டியபோது மரம் என்று ஒன்றுகூட மிச்சமில்லை. கற்படிகளை ஒட்டிய சரிவில், பாறை இடுக்குகளில், கூட்டமாக நின்றிருந்தது அது.

தாமரையை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். சூரியகாந்திக் குடும்பத்துச் செடி. முழங்கால் உயரம்கூட இல்லை. இதழாகத் தெரிபவை இதழ்களே அல்ல. மஞ்சள் கலந்த வெளிர்பச்சையில், எண்ணெய்த்தாள் போல ஒளி ஊடுருவும் பூவடிச் செதில்கள். ஒன்றை விரலால் விலக்கிப் பார்த்தேன். உள்ளே கருஊதாப் பூந்தலைகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. வெளியே விடாத தூறல். உள்ளே ஈரமே இல்லை. காட்டமான நெடி ஒன்று மூக்கில் ஏறியது. நம்மூர் மொட்டைமாடித் தொட்டியில் நள்ளிரவில் பூத்து, அக்கம்பக்கத்தாரையெல்லாம் கூட்டிவிடுகிறதே, அந்தப் 'பிரம்ம கமலம்' மெக்சிகோ பக்கத்துக் கள்ளி. இதற்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

உத்தராகண்டின் மாநில மலர் இது. கேதார்நாத்தில் சிவனுக்குச் சாத்துகிறார்கள், மருந்துக்கென்றும் பறிக்கிறார்கள். பனிக்கடியில் குளிர்காலத்தைக் கழித்து வேர்த்தண்டிலிருந்து மறுபடி துளிர்க்கிற பல்லாண்டுச் செடிதான். ஆனால் விதை கட்டுமுன் பூவைக் கிள்ளிவிட்டால் புதுக் கன்றுக்கு எங்கே போவது?

முதுகில் கூடை கட்டி ஒரு பாட்டியம்மாவைச் சுமந்துவந்த இளைஞரிடம் ஊருக்குப் பறித்துப் போவீர்களா என்று கேட்டேன்.

"நந்தாஷ்டமி வரட்டும் பாய்சாப். அதுக்கு முன்னால தொட்டா தேவிக்கு ஆகாது."

நந்தாஷ்டமி வருவது ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ. அதற்குள் முன்னால் பூத்தவை விதைக்குத் தயாராகிவிடும். தேவியின் பெயரால் இந்தக் கணக்கைப் போட்டவர் யாரோ, செடியை நன்றாகத் தெரிந்தவர்.

ஏறி முடித்ததும் ஹேம்குண்ட் குருத்வாராவின் லங்கரில் சுடச்சுடக் கிச்சடியும் டீயும் கிடைத்தன. மேலே இரவு தங்க அனுமதியில்லை. பிற்பகல் இரண்டு மணிவாக்கில் எல்லோரையும் இறங்கச் சொல்லிவிட்டார்கள். அடுத்த இதழில் பள்ளத்தாக்குக்குள் போவோம்; 1939இல் செடி சேகரிக்க வந்து, பாறையில் சறுக்கி உயிரிழந்த ஜோன் மார்கரெட் லெக்கின் கல்லறை அங்கேதான் இருக்கிறது.

(பயணம் தொடரும்)